கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் குவாட்டர்பேக் தேடல்

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்பது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் அமைந்த கிளீவ்லாந்து நகரின் அமெரிக்கக் கால்பந்து அணி. என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கில் விளையாடும் 32 அணிகளில் ஒன்று. 1999 முதல் 2025 வரை இந்த அணிக்காக 40க்கும் மேற்பட்டோர் தொடக்கக் குவாட்டர்பேக்காகக் களமிறங்கியிருக்கின்றனர். அதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி, காயம் பட்ட நாட்கள் தவிர, மூன்றே பேரை வைத்துக் காலத்தை ஓட்டிவிட்டது: பிரெட் ஃபார்வ், ஆரன் ராஜர்ஸ், ஜோர்டன் லவ்.

கிளீவ்லாந்து நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தின் கண்ணாடிச் சாளரத்தில் பல ஆண்டுகள் ஒரு பிரவுன்ஸ் சட்டை தொங்கியது. முதுகில் 2 என்ற எண்ணும், 1999இல் வந்த டிம் கவுச்சின் பெயரும். அவருக்குப் பின் ஒவ்வொரு குவாட்டர்பேக் மாறும்போதும் பழைய பெயரை அடித்துவிட்டு, கீழே ஒரு துண்டு ஒட்டி, புதிய பெயரை எழுதினார்கள். பட்டியல் சட்டையின் நீளத்தையும் தாண்டிப் போனது.

கால் நூற்றாண்டாக ஓர் அணிக்கு ஏன் ஒருவர்கூட அமையவில்லை? தவறான ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பொதுவான பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் அங்கே நிலைத்திருக்கவில்லை என்பது மறுபாதி. ஒருவர் தேர்ந்தெடுத்த வீரரை இன்னொருவர் பயிற்றுவித்தார். மூன்றாமவர் வந்து வெளியே அனுப்பினார். பிரவுன்ஸ் கதையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

குவாட்டர்பேக் என்பவர் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் குவாட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருவதில்தான் தொடங்குகின்றன. அவர் பந்தை ஓடுபவரிடம் தரலாம், தூரத்தில் ஓடும் சக வீரருக்கு வீசலாம், தாமே ஓடலாம். எதிரணியினர் எப்படி நிற்கிறார்கள் என்று படித்து முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று விநாடி. அதற்குள் முடிவெடுக்கவில்லை என்றால் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள இருவரோ மூவரோ அவர்மேல் விழுவார்கள். பந்தை வீசும் முன்பே அவரை இப்படி வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர். அந்த மூன்று விநாடியை வாங்கித் தருவது அவருக்கு முன்னே நிற்கும் ஐந்து காப்பு வீரர்களின் வேலை. இந்த ஐவரை மறந்துவிட்டுக் குவாட்டர்பேக்கை மட்டும் எடைபோடுவது பெரும்பாலான விவாதங்களில் காணப்படும் குறை.

இந்த வீரர்கள் பெரும்பாலும் கல்லூரி அணிகளிலிருந்து 'டிராஃப்ட்' என்ற வருடாந்திரத் தேர்வின் மூலம் வருகிறார்கள். ஐ.பி.எல். ஏலம் போல இங்கே பணத்தைக் காட்டிப் போட்டியிட முடியாது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி 7 சுற்றுகள். தன் வாய்ப்பை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு வாய்ப்புகளையோ வீரர்களையோ வாங்கிக்கொள்ளலாம். 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 7.8 கோடி டாலர் வரை போனது. அடுத்த ஆண்டு புதுமுகங்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தது. அதே முதலிடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். ஒவ்வோர் அணியும் மொத்தமாகச் செலவிடும் ஊதியத்துக்கும் வரம்பு உண்டு என்பதால், இளம் குவாட்டர்பேக் ஒருவர் நன்றாக ஆடினால் மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை எல்லாம் பலப்படுத்தலாம்.

பழைய அணி

பிரவுன்ஸ் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1946இல் பயிற்சியாளர் பால் பிரவுனின் தலைமையில் அணி தொடங்கியது. முதல் குவாட்டர்பேக் ஓட்டோ கிரகாம் 10 பருவங்கள் ஆடினார், பத்திலும் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார், ஏழில் வென்றார். பயிற்சியாளரும் குவாட்டர்பேக்கும் அந்தப் பத்து ஆண்டுகளும் மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1964இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 27-0 என்று வீழ்த்தியதே பிரவுன்சின் கடைசிச் சாம்பியன் பட்டம். அன்றைய குவாட்டர்பேக் ஃபிராங்க் ரையன் அடுத்த ஆண்டே ரைஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1980இல் லீக்கின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வான பிரையன் சைப், டிராஃப்டின் 13ஆம் சுற்றில் வந்தவர் (அன்று சுற்றுகள் அதிகம்). அவருக்குப் பின் ஒகையோவிலேயே பிறந்த பெர்னி கோசார், சொந்த ஊர் அணிக்கு ஆட வேண்டும் என்று விரும்பி 1985இல் வந்தார். 1986, 1987, 1989 பருவங்களில் சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு படி கீழே வரை அணியைக் கொண்டுசென்றார்; மூன்று முறையும் டென்வர் அணியிடம் தோல்வி. 1993இல் பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் பில் பெலிசிக் அவரை நீக்கியபோது நகரமே கொந்தளித்தது.

ஆனால் பெரிய அடி 1995 நவம்பரில் விழுந்தது. உரிமையாளர் ஆர்ட் மொடெல் அணியைப் பால்டிமோருக்கு மாற்றுவதாக அறிவித்தார். பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்திலேயே இருக்கும், ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள் என்று ஏற்பாடு. மூன்று பருவங்கள் நகரில் அணியே இல்லை.

டிம் கவுச்

1999இல் பிரவுன்ஸ் வெறுங்கையிலிருந்து மறுபடி கட்டப்பட்டது. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களும் புதுமுகங்களுமே அணி. டிராஃப்டின் முதல் வாய்ப்பில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டிம் கவுச் தேர்வானார். அவரை உடனே ஆட்டத்தில் இறக்காமல், அனுபவசாலியான டை டெட்மரை முதலில் ஆடவிட்டுக் கவுச்சைப் பொறுமையாக வளர்ப்பது என்பதே திட்டம். முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்சிடம் 43-0 என்று தோற்றதும் அந்தப் பொறுமை தீர்ந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே கவுச் தொடக்க ஆட்டக்காரர்.

அந்தப் பருவத்தில் அவர் 56 முறை 'சாக்' செய்யப்பட்டார். 22 வயது இளைஞர், தற்காலிகமாகச் சேர்த்த காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று வாரந்தோறும் அடி வாங்கினார். அணி 2 ஆட்டங்களில் வென்று 14இல் தோற்றது. அடுத்த ஆண்டு முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் பால்மர் நீக்கப்பட்டு புட்ச் டேவிஸ் வந்தார். 2002இல் அணி 9 ஆட்டங்களில் வென்று பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. கடைசி ஆட்டத்தில் கவுச்சின் கால் முறிந்தது. அவருக்குப் பதில் இறங்கிய கெலி ஹோல்கம் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 429 கெஜம் வீசியும் 36-33 என்று அணி தோற்றது. அந்த ஓர் ஆட்டம் போதுமானதாக இருந்தது: அடுத்த பருவம் முழுவதும் ஹோல்கமா, கவுச்சா என்ற இழுபறியில் கழிந்தது. 2004இல் கவுச் விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவர் என்.எஃப்.எல். லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. அவர் மிகச்சிறந்த குவாட்டர்பேக் ஆகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆகியிருப்பாரா மாட்டாரா என்று அறியும் வாய்ப்பையே அணி தனக்குத் தரவில்லை என்பதே செய்தி.

இதற்கிடையே 2000 டிராஃப்டின் 6ஆம் சுற்றில் 183ஆவது ஆளாக ஸ்பெர்கன் வின் என்ற குவாட்டர்பேக்கைப் பிரவுன்ஸ் எடுத்தது. அதே சுற்றில், 199ஆம் இடத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்தவர் டாம் பிரேடி. இதற்காகப் பிரவுன்சை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. எல்லா அணிகளும் பிரேடியைப் பலமுறை கடந்து சென்றன. 2004இல் நடந்ததுதான் உண்மையில் வலிப்பது. ஒகையோவின் ஃபிண்ட்லே ஊரைச் சேர்ந்த, ஒகையோவிலேயே கல்லூரி ஆட்டம் ஆடிய பென் ராத்லிஸ்பர்கரை விட்டுவிட்டு, 6ஆம் இடத்தில் வேறொரு நிலை வீரரைப் பிரவுன்ஸ் எடுத்தது. 11ஆம் இடத்தில் பிட்ஸ்பர்க் ராத்லிஸ்பர்கரை எடுத்துக்கொண்டது. 18 பருவங்கள் ஆடி, இரண்டு சூப்பர் பவுல் வென்ற அவரைக் கிளீவ்லாந்து ஆண்டுதோறும் எதிரணியில் பார்த்தது.

காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள பிட்ஸ்பர்க்கை இங்கே ஒப்பிடுவது பொருத்தம். 1969 முதல் 2025 வரை ஸ்டீலர்சுக்கு மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள். பிரவுன்சுக்கு 1999 முதல் 2019 வரை மட்டும், இடைக்காலப் பொறுப்பாளர்களைச் சேர்க்காமல், ஒன்பது பேர். ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் ஆட்ட முறையையும், ஒவ்வோர் ஆட்டத் திட்டத்துக்கும் தம் குறிச்சொற்களையும் கொண்டுவருவார். அவற்றை மனப்பாடம் செய்து, களத்தில் சில நொடிகளில் சக வீரர்களுக்குச் சொல்ல வேண்டியவர் குவாட்டர்பேக். பயிற்சியாளர் மாறினால் அவர் புதிய மொழி ஒன்றை முதலிலிருந்து கற்க வேண்டும்.

மூன்று முறை 22ஆம் இடம்

2007இல் பிராடி குவின், 2012இல் பிரண்டன் வீடன், 2014இல் ஜானி மன்சியல். மூவரையும் முதல் சுற்றின் 22ஆவது வாய்ப்பில் பிரவுன்ஸ் எடுத்தது தற்செயல். மூவருக்கும் நேர்ந்தது தற்செயல் அல்ல.

குவினைப் பெறுவதற்காக அணி தன் அடுத்த ஆண்டு முதல் சுற்று வாய்ப்பையும் டல்லஸ் அணிக்குக் கொடுத்தது. அவரை எடுத்த அதே ஆண்டில் டெரக் ஆண்டர்சன் எதிர்பாராமல் நன்றாக ஆடி 10 வெற்றிகளைத் தந்துவிட்டதால் குவின் காத்திருந்தார். பிறகு பயிற்சியாளர் மாறினார். குவினுக்குக் கிடைத்தவை 12 தொடக்க ஆட்டங்கள்.

வீடன் முன்பு தொழில்முறை பேஸ்பால் பந்துவீச்சாளர்; டிராஃப்டின்போதே வயது 28. முதல் ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் விரித்த பிரம்மாண்ட அமெரிக்கக் கொடிக்கு அடியில் சிக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். பின்னர் 4 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்து, 17-16 என்று தோற்றார். கொடிக் காட்சி இன்றும் இணையத்தில் சிரிப்புக்காகப் பகிரப்படுகிறது. அவரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகமும் பயிற்சியாளரும் அந்த ஓர் ஆண்டிலேயே வெளியேற்றப்பட்டதைக் குறித்து யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டில்தான் ஜிம்மி ஹாஸ்லம் அணியை வாங்கியிருந்தார்.

மன்சியல் கல்லூரிக் காலத்திலேயே நட்சத்திரம். 2014 பருவத்தில் கிளீவ்லாந்து வட்டாரத்தைச் சேர்ந்த பிரையன் ஹோயர் தலைமையில் அணி ஓரளவு நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. 7 வெற்றி, 6 தோல்வி என்றிருந்தபோது ஹோயரை ஒதுக்கி மன்சியலை இறக்கினார்கள். முதல் தொடக்க ஆட்டத்தில் 30-0 என்று தோல்வி. மொத்தம் 8 தொடக்க ஆட்டங்களுக்குப் பின், 2016 மார்ச்சில் அவர் விடுவிக்கப்பட்டார். இவர் விஷயத்தில் பொறுமை இருந்திருந்தாலும் பலன் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. களத்துக்கு வெளியேயான சிக்கல்களும் மதுப் பழக்கமும் அவரைத் துரத்தின.

இந்த ஆண்டுகளில் அணியில் நல்லது எதுவுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2007இல் வந்த இடப்புறக் காப்பு வீரர் ஜோ தாமஸ், ஒரு முறைகூட வெளியே போகாமல் தொடர்ந்து 10,363 ஆட்ட முயற்சிகளில் நின்றார், 2023இல் என்.எஃப்.எல். புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 11 பருவங்களில் அவர் பாதுகாத்த குவாட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தனர். ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

பூஜ்யத்திலிருந்து மேஃபீல்ட் வரை

2016இல் புதிய நிர்வாகம் வேறு வழியை எடுத்தது. குவாட்டர்பேக்குக்காக அவசரப்படாமல், டிராஃப்ட் வாய்ப்புகளைச் சேர்த்து வைப்பது. அந்த ஆண்டின் 2ஆம் இடத்தைப் பிலடெல்பியாவுக்கு விற்றார்கள். அங்கே கார்சன் வென்ட்ஸ் போனார். 2017இல் 12ஆம் இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். அங்கே டெஷான் வாட்சன் போனார். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும். 2ஆம் சுற்றில் எடுத்த டிஷோன் கைசர் 15 ஆட்டங்களைத் தொடங்கி, பதினைந்திலும் தோற்றார். 22 பந்துகள் இடைமறிக்கப்பட்டன. அணி 16 ஆட்டங்களிலும் தோற்றது. திட்டத்தை வகுத்தவர் பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். அவர் சேர்த்துவைத்த வாய்ப்புகளைச் செலவிட்டவர் அடுத்து வந்த ஜான் டோர்சி.

2018இல் முதல் இடத்தில் டோர்சி எடுத்தது பேக்கர் மேஃபீல்டை. அதே ஆண்டு டிராஃப்டில் 7ஆம் இடத்தில் ஜோஷ் ஆலனும் 32ஆம் இடத்தில் லமார் ஜாக்சனும் போனார்கள். இருவருமே பின்னர் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர்கள். இருந்தாலும் மேஃபீல்ட் தவறான தேர்வு என்று சொல்லிவிட முடியாது. 2018 செப்டம்பர் 20 அன்று நியூயார்க் ஜெட்சுக்கு எதிராக, காயமடைந்த டைராட் டெய்லருக்குப் பதில் நடுவில் இறங்கி 21-17 என்று வென்று கொடுத்தார். அது 635 நாட்களுக்குப் பின் வந்த வெற்றி. அந்தப் பருவத்தில் அவர் வீசிய 27 டச் டவுன்கள் அன்றைய நிலையில் புதுமுகங்களுக்கான சாதனை.

நான்கு ஆண்டுகளில் அவருக்கு நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். முதல் ஆண்டிலேயே ஒருவர் நீக்கப்பட்டு இன்னொருவர் இடைக்காலப் பொறுப்பேற்றார். 2019இல் ஃபிரெடி கிச்சன்ஸ். 2020இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. நான்காமவர் வந்த ஆண்டில் எல்லாம் பொருந்தியது. வலுவான காப்பு வரிசை, நிக் சப், கரீம் ஹன்ட் என்ற இரு ஓட்டக்காரர்கள், குவாட்டர்பேக்கின் பாரத்தைக் குறைக்கும் ஆட்ட முறை. மேஃபீல்ட் 26 டச் டவுன் வீசினார். இடைமறிக்கப்பட்டவை 8 மட்டுமே. அணி 11 ஆட்டங்களில் வென்று, பிளே-ஆஃப் சுற்றில் பிட்ஸ்பர்க்கையே அதன் மைதானத்தில் 48-37 என்று தோற்கடித்தது. கோவிட் தொற்றால் ஸ்டெஃபான்ஸ்கி அந்த ஆட்டத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது தனிச் சோகம்.

அடுத்த பருவத் தொடக்கத்திலேயே மேஃபீல்டின் இடது தோளில் குருத்தெலும்பு கிழிந்தது. அதோடு அவர் தொடர்ந்து ஆடினார், ஆட்டம் சரிந்தது, 8 வெற்றி, 9 தோல்வி. அணி காயத்தையும் சேர்த்து எடைபோட்டிருக்கலாம். அது செய்தது வேறு.

23 கோடி டாலர்

2022 மார்ச்சில் பிரவுன்ஸ், ஹூஸ்டனிடமிருந்து டெஷான் வாட்சனை வாங்கியது. விலை மூன்று முதல் சுற்று வாய்ப்புகள் உட்பட ஆறு டிராஃப்ட் வாய்ப்புகள். ஊதியம் 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம்; ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். என்.எஃப்.எல். அதுவரை கண்டிராத அளவு உத்தரவாதத் தொகை அது.

அப்போது, மசாஜ் செய்ய வந்த தங்களிடம் வாட்சன் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக 20க்கும் மேற்பட்ட பெண்கள் உரிமையியல் வழக்குகள் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார். டெக்சாஸ் மாநிலப் பெருநடுவர் குழு அவர்மேல் குற்றச்சாட்டுப் பதிய மறுத்த சுமார் ஒரு வாரத்தில் பேரம் முடிந்தது. வழக்குகளில் பெரும்பாலானவை பின்னர் சமரசத்தில் முடிந்தன. லீக் அவருக்கு 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. தடையால் ஊதிய இழப்பு குறைவாக இருக்கும் வகையில், ஒப்பந்தத்தின் முதலாண்டு அடிப்படை ஊதியம் ஏறக்குறைய 10 லட்சம் டாலராகத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. பிரவுன்சின் தேடலில் வெட்கப்பட வேண்டிய பகுதி எது என்றால், தோற்ற ஆட்டங்களைவிட இதைத்தான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அணியை விடாமல் ஆதரித்த ரசிகர்கள், குறிப்பாகப் பெண் ரசிகர்கள், அன்று வெளிப்படையாகவே விலகினர்.

ஆட்டக் கணக்கிலும் பலன் இல்லை. தடை, தோள் காயம், குதிகால் தசைநார்க் கிழிவு என்று முதல் 3 பருவங்களில் வாட்சன் தொடங்கியவை 19 ஆட்டங்கள், வென்றவை 9. 2023இல் அணி ஐந்து பேரைத் தொடக்கக் குவாட்டர்பேக்காக இறக்கியது. நவம்பரில், எந்த அணியிலும் இல்லாமல் வீட்டிலிருந்த 38 வயது ஜோ பிளாக்கோவை அழைத்துவந்தார்கள். அவர் 5 ஆட்டங்களில் நான்கை வென்று அணியைப் பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே எதிரணி ஹூஸ்டன். வாட்சனை விற்றுக் கிடைத்த வாய்ப்புகளையும் பயன்படுத்தித் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட அந்த அணி, 45-14 என்று வென்றது.

மேஃபீல்ட்? 2022இல் மிகச் சொற்பமான விலைக்கு, நிபந்தனையுடன் கூடிய 5ஆம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு, கரோலைனாவிடம் தள்ளிவிடப்பட்டார். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகத் தம்பா பே போய், 2023இல் அந்த அணியைப் பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் வெல்லவைத்தார். 2024இல் அவருடைய புதிய ஒப்பந்தம் 3 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர்.

2025

2024 பருவம் 3 வெற்றி, 14 தோல்வியுடன் முடிந்தது. வாட்சன் முயற்சி பலிக்கவில்லை என்பதை 2025இல் உரிமையாளர் ஹாஸ்லமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிராஃப்டில் அணி 2ஆம் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து, பதிலுக்கு 5ஆம் இடத்தையும் 2026இன் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும், வேறு சிலவற்றையும் பெற்றது. 5ஆம் இடத்தில் எடுத்தது குவாட்டர்பேக்கை அல்ல, தற்காப்பு வீரர் மேசன் கிரகாமை. பிறகு 3ஆம் சுற்றில் டிலன் கேப்ரியலையும், 5ஆம் சுற்றில் 144ஆவது ஆளாக ஷெடூர் சான்டர்சையும் எடுத்தது. முதல் சுற்றிலேயே போவார் என்று பலர் கணித்திருந்த சான்டர்ஸ் அவ்வளவு கீழே இறங்கியது அந்த டிராஃப்டின் பெரும் பேச்சு. ஒரே டிராஃப்டில் இரண்டு குவாட்டர்பேக்குகள் என்றால், எதிலும் முழு நம்பிக்கை இல்லை என்றே பொருள் கொள்ளலாம். அல்லது முழு நம்பிக்கைக்குக் கொடுத்த விலையிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றும் கொள்ளலாம்.

பருவத்தை 40 வயது பிளாக்கோ தொடங்கினார். நான்கு ஆட்டங்களுக்குப் பின் கேப்ரியல். பிளாக்கோ சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார். நவம்பரில் கேப்ரியலுக்குத் தலையில் அடிபட்டதும் சான்டர்சின் முறை வந்தது. நவம்பர் 23 அன்று லாஸ் வேகாசில் அவர் தம் முதல் தொடக்க ஆட்டத்தை 24-10 என்று வென்றார். 1995இல் எரிக் சையருக்குப் பிறகு, தம் முதல் தொடக்க ஆட்டத்தில் வென்ற பிரவுன்ஸ் புதுமுகக் குவாட்டர்பேக் இவரே. அந்த ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் தற்காப்பு வீரர்கள் எதிரணிக் குவாட்டர்பேக்கை 10 முறை 'சாக்' செய்தார்கள்.